அடுக்களைப் பொறிக்குத் தமிழ் தெரியாதா?

மேடையில் ஒரு மொழி வாழ்வதைக் கண்டு மகிழ்கின்றவர்கள், அதே மொழி அடுக்களையில் செத்துக் கொண்டிருப்பதைக் காண்பதில்லை. ஆண்டுக்கொரு மாநாடும் திங்களுக்கொரு பாராட்டு விழாவும் எடுத்துவிட்டால் தமிழ் தழைத்துவிடும் என்று நம்புகின்ற நண்பர்கள், ஒரே ஒருநாள் தங்கள் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து, அங்கே சுவரோரம் நிற்கும் பொறிகளைச் சுற்றிப் பார்க்கட்டும். அழுத்துகுமிழின் மேல் ஆங்கிலம்; பொதிபெட்டியின் மேல் ஆங்கிலம்; கையேட்டில் ஆங்கிலம், பக்கத்தில் இந்தி. தமிழ்நாட்டில், தமிழ்க் குடும்பம் ஒன்று, உழைத்து ஈட்டிய பணத்தால் வாங்கி வைத்த பொருள், அக்குடும்பத்தோடு ஒரு சொல்லும் தமிழில் பேசுவதில்லை. இந்த இழிவை இழிவென்று உணரும் உணர்வும் நம்மிடம் மழுங்கிப் போயிற்று. அதுதான் பெரிய இழிவு!

எடுத்துக்காட்டாக ஒரு பொறியை எடுத்துக் கொள்வோம். ஊரார் 'பாத்திரம் கழுவும் மிசின்' என்றும் கடைக்காரர் 'டிசுவாசர்' என்றும் சொல்கின்ற ஏனங்கழுவியே அது. 2020ஆம் ஆண்டின் தீநுண்மி முடக்கக் காலத்தில், வீட்டு வேலைக்கு வருவார் வரவியலாமல் போனபோது, இது நகர்ப்புற இல்லங்களுக்குள் மிகுதியாக நுழைந்தது. நுழைந்த பொறி நிலைத்துவிட்டது. இனி அதைப் பேணவும் வேண்டும். பழுதுற்றால் நீக்கவும் வேண்டும். அதை எந்த மொழியில் செய்வது என்பதே நம் கேள்வி.

"செல்வர் வீட்டுப் பொருளைப் பற்றித் தனித்தமிழ் இதழில் எழுதலாமா?" என்று சிலர் முகஞ்சுளிப்பர். மிதிவண்டியும் தையற்பொறியும் மாவரைக்கும் பொறியும் ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருள்களாகவே இருந்தன. அவை எளியவர் இல்லத்துக்கு இறங்கி வந்தபோது, அயற்பெயர்களோடு இறங்கி வந்தன. வாயிற்படியில் தடுக்காத அயற்சொல்லை அடுப்படியில் தடுக்கவியலாது. அன்றியும், நாள்தோறும் மும்முறை ஏனம் விளக்கிக் கைதேய்ந்த பெண்ணுக்கு ஓய்வு தரும் பொறி எதுவாயினும், அதை இகழ்வதற்கு ஒருநாளும் ஏனம் விளக்கியறியாத ஆடவர்க்கு உரிமையில்லை.

இப்பொறியைப் படைத்தவரே ஒரு பெண்தான். அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்துச் செல்பிவில் ஊரைச் சேர்ந்த யோசபின் காக்ரேன் என்னும் அம்மையார், 1886ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேய்ப்பதை விடுத்து, நீரின் விசையாலேயே ஏனங்களைத் தூய்மை செய்வது அவர் கண்ட வழி. 1893ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய பொறி வைக்கப்பெற்றது. இன்றுள்ள பொறியும் அவ்வழியினதே. தொட்டியின் அடியில் சிறிதளவு நீர் நிற்கிறது. சூடேற்றி அதனைச் சூடாக்குகிறது. சுழலெக்கி அதனை மேலே தள்ளுகிறது. தெளிப்புக்கைகள் சுழன்று ஏனங்களின் மேல் பீச்சியடிக்கின்றன. அழுக்கு நீர் வடிகட்டி வழியே இறங்கி மீண்டும் சுழல்கிறது. முடிவில் வடிப்பெக்கி அதனை வெளியே தள்ளுகிறது. இவ்வளவே! இதில் மறைபொருள் ஏதுமில்லை. இதோ, தமிழில் சொல்லிவிட்டோம், பொறி வெடித்துவிடவில்லை.

அங்ஙனமாயின் கையேட்டில் மட்டும் தமிழ் ஏன் இல்லை? நிறுவனங்களைக் கேட்டால், "சட்டம் கேட்கவில்லை" என்பர். சட்டம் என்ன கேட்கிறது? இந்திய ஒன்றிய அரசின் 2011ஆம் ஆண்டுப் பொதிபண்ட எடையளவு விதிகளின் 9ஆம் விதியைப் பாருங்கள். பொதியின் மேல் கட்டாயமாக அச்சிட வேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கிறது அது. வேறு மொழியையும் 'கூடுதலாக'ப் பயன்படுத்தலாமாம்! நம் தாய்மொழி நம் கடையில் 'கூடுதல்'! போட்டாலும் போடலாம், விட்டாலும் விடலாம் என்னும் ஒட்டுப்பொருள்! அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலில் தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் உப்புப் பொதியின் முதுகில் அதற்குக் கட்டாய இடம் இல்லை. இவ்வாறு, இந்தியும் ஆங்கிலமும் அறியாத தமிழன் தான் வாங்கும் பொருளின் விலையையும் நாளையும் படிக்கும் உரிமை அற்றவனாகிறான். பொதிக்கே இக்கதி என்றால், கையேட்டுக்கு யார் கவலைப்படுவார்?

மற்ற மக்களைப் பாருங்கள். பிரான்சு நாடு 1994ஆம் ஆண்டு ஆகத்து 4ஆம் நாள் இயற்றிய மொழிச்சட்டத்தால், விற்கப்படும் பொருளின் பயன்பாட்டு விளக்கமும் பொறுப்புறுதித் தாளும் பிரெஞ்சில் இருத்தல் கட்டாயம். கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுமொழிப் பட்டயம் இயற்றி, பொருள்மேல் உள்ள எழுத்துக்கும் வழிகாட்டும் தாளுக்கும் பிரெஞ்சு மொழியைக் கட்டாயமாக்கிற்று. கியூபெக்கு தனிநாடு அன்று. ஒரு கூட்டாட்சியின் உறுப்பு மாநிலமே. அதன் மக்கள் தொகை தமிழ்நாட்டினதில் ஒரு சிறு பங்கு. அங்கே அடங்கி நடக்கும் அதே வணிகர், இங்கே வந்ததும் தமிழைத் தள்ளி வைக்கின்றனர். கரணியம் ஒன்றே: அங்கே கேட்டார்கள், இங்கே நாம் கேட்கவில்லை.

இக்கேளாமையால் விளையும் இழப்பு வெறும் மொழியிழப்பன்று, பணவிழப்பும் ஆகும். எம் தெருவில் ஒரு வீட்டில் ஏனங்கழுவியின் அடியில் நீர் தேங்கி நின்றது. நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்தார். வடிகட்டியைத் திருகி எடுத்தார், அதில் சிக்கியிருந்த கறிவேப்பிலையையும் புளிக்கோதையும் தட்டிவிட்டுக் குழாயடியில் கழுவினார், பொருத்தினார், நூற்றுக்கணக்கில் வருகைக்கூலி பெற்றுச் சென்றார். அவர்மேல் குறையில்லை, அவர் உழைத்தார். அவ்வீட்டு அம்மையார் பத்து மணித்துளியில் தாமே செய்திருக்கக்கூடிய வேலை அது. கையேட்டில் அது படத்தோடு சொல்லப்பட்டுத்தான் இருந்தது. அவர் படிக்கவியலாத மொழியில்! அறியாமையை விலைக்கு விற்கும் வணிகம் இது. ஒருமுறை பொறியை விற்று ஊதியம் கொள்கின்றனர். பின்னர் நம் மொழியை மறைத்து மறுமுறையும் ஊதியம் கொள்கின்றனர்.

எனவே, அவர்கள் எழுதாததை நாமே எழுதுவோம். கீழ்வருவனவற்றை வெட்டி அடுக்களைச் சுவரில் ஒட்டிக் கொள்க.

முதலாவது, வடிகட்டி. தொட்டியின் அடியில், கீழ்த்தட்டை எடுத்தால் தெரியும். நடுவில் உருளை வடிவானது ஒன்று. அதைச் சுற்றித் தட்டையான சல்லடை ஒன்று. உருளையைப் பெரும்பாலும் வலமிருந்து இடமாகத் திருகினால் கழன்று வரும். வாரம் ஒருமுறை ஓடும் நீரில், மென்மையான தூரிகையால் கழுவுக. இரும்பு நாரால் தேய்த்தால் கண்ணிகள் கிழியும். மீண்டும் வைக்கும்போது இறுகத் திருகுக. தளர்ந்திருந்தால் பருக்கைகள் எக்கிக்குள் புகும். ஏனங்களை உள்ளே அடுக்குமுன் பருக்கை, முள், கறிவேப்பிலை, புளிக்கோது ஆகியவற்றை வழித்தெறிதல் போதும். முழுவதும் கழுவி வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தெளிப்புக்கை. மேலொன்றும் கீழொன்றுமாகச் சுழலும் இவற்றின் துளைகளில் கடுகும் சுண்ணப்படிவும் அடைத்துக் கொள்ளும். ஏனம் ஒருபுறம் மட்டும் அழுக்காக இருந்தால் இதனைப் பார்க்க. கழற்றி, பற்குச்சியால் துளைகளைத் திறந்து, நீரில் அலசுக. ஏனங்களை அடுக்கி முடித்ததும் கையால் ஒருமுறை சுழற்றிப் பார்க்க; உயர்ந்த தட்டோ நீண்ட கரண்டியோ இடித்தால் கை சுழலாது, ஏனமும் கழுவப்படாது.

மூன்றாவது, உப்பு. நம் நாட்டில் இதுவே தலையாயது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வாழும் ஊர்கள் நம்முடையவை. குடிநீருக்கான இந்தியத் தரவரையறை (2012), கடுமையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் ஏற்றது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. அத்தகைய நீரைச் சூடாக்கினால் சுண்ணம் படியும். கண்ணாடிக் குவளை வெளுக்கும். சூடேற்றியில் ஓடு கட்டும். இதைத் தடுக்கப் பொறிக்குள்ளேயே பிசின் மணிகள் நிறைந்த கலம் ஒன்று உண்டு. நீரிலுள்ள சுண்ணம், மகனீசியம் ஆகியவற்றை அம்மணிகள் பற்றிக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை விடும். பற்றியதை அவற்றினின்று கழுவிவிட உப்புக் கரைசல் வேண்டும். அதற்கே உப்பு. அயோடினும் கட்டிபிடிக்காமைப் பொருளும் கலந்த தூளுப்பை இடலாகாது. மண்ணும் பிறவுப்பும் கலந்த கடைக் கல்லுப்பையும் இடலாகாது. இதற்கென விற்கும் தூய பரலுப்பையே இடுக. முதல் முறை மட்டும் உப்புக் கலத்தில் நீர் நிரப்பிய பின் உப்பு இடுக. உப்பிட்டவுடன் பொறியை ஓட்டிவிடுக. சிந்திய உப்புநீர் உள்ளே நின்றால் எஃகும் அரிக்கும். உங்கள் ஊர் நீரின் கடுமைக்கேற்பப் பொறியின் அளவுக்குறியையும் மாற்றி வைத்தல் வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. பின்னர்ப் பொறியைப் பழிப்பர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கருதுக. இந்தியாவில் குசராத்துக்கு அடுத்தபடி மிகுந்த உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதுவும் தூத்துக்குடி உப்பளங்களில். உப்பு விளைப்பவன் தமிழன். அவ்வுப்பின் பெயர் தூய தமிழ்ச்சொல். உப்புக் கலத்தின் மூடிமேல் மட்டும் அச்சொல் இல்லை!

நான்காவது, கதவைச் சுற்றியுள்ள அடைப்புப் பட்டை. ஈரத்துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குக. பிசுக்கு ஏறினால் கசிவும் கெட்ட நாற்றமும் உண்டாகும். ஓரிரு திங்களுக்கு ஒருமுறை, ஏனங்களின்றி, எலுமிச்சையுப்பு இட்டு மிகுசூட்டில் ஓட்டினால் சுண்ணப்படிவு கரையும்.

ஐந்தாவது, இடத்தகாதன. கையால் விளக்கும் சவர்க்காரத்தை இட்டால் நுரை பொங்கித் தரையெல்லாம் வழியும். பித்தளை, செம்பு, அலுமினியம், ஈயச்சொம்பு, வார்ப்பிரும்புத் தோசைக்கல், பழக்கிய மண்சட்டி, மரக்கரண்டி ஆகியவற்றை உள்ளே வைக்கலாகாது. பொறிக்குரிய தூள் காரத்தன்மை உடையது. அது அலுமினியத்தைக் கருக்கும், செம்பின் ஒளியைக் கெடுக்கும், தோசைக்கல்லின் எண்ணெய்ப் படலத்தை உரித்தெறியும்.

இனிப் பழுதுகள். எதைத் தொடுமுன்னும் மின்செருகியைப் பிடுங்குக, நீர்த்திருகை மூடுக.

நீர் வடியவில்லையா? வடிகட்டியைப் பார்க்க, வெளிச்செல்லும் நெகிழ்குழாய் மடங்கியுள்ளதா என்று பார்க்க, பின்னர்க் கையுறை அணிந்து, வடிகட்டிக் குழியில் உள்ள எக்கி மூடியை நீக்கி, அதனுள் சுழலும் இறக்கையில் கண்ணாடிச் சில்லோ எலும்போ புளியங்கொட்டையோ சிக்கியுள்ளதா என்று பார்க்க. வெறுங்கையை விடலாகாது; சில்லு கிழித்துவிடும்.

நீர் வரவில்லையா? திருகு முழுதும் திறந்துள்ளதா என்றும், உள்வரும் குழாயின் வாயிலுள்ள சிறு சல்லடை மணலால் அடைபட்டதா என்றும் பார்க்க. பொறிகள் பலவற்றுக்குக் குறைந்தது அரை 'பார்' அளவு நீரழுத்தம் வேண்டும். அது ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துத் தொட்டி தரும் அழுத்தம். மேல்மாடி வீட்டுக்குத் தொட்டி தலைக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் இருக்கும். அங்கே பழுது பொறியில் இல்லை. தொட்டியின் உயரத்தில் இருக்கிறது. அழுத்தவெக்கி ஒன்று பொருத்தினால் தீரும். இது தெரியாமல் பொறியையே மாற்றிக் கொடுக்கக் கேட்பாரும் உளர்.

பொறி ஓடாமல் வடிப்பெக்கி மட்டும் ஓயாது ஓடுகிறதா? பெரும்பாலும் அடித்தட்டில் கசிவுநீர் தேங்கி, அங்குள்ள மிதவை மேலெழுந்து, மேலும் நீர் வாராமல் பொறியைத் தடுத்திருக்கும். நீரை வடித்தால் பொறி மீண்டும் ஓடும். ஆனால் கசியும் இடத்தைக் காணாமல் விட்டால் மறுநாளும் நிற்கும். சூடேறாமை, மின்பலகைப் பழுது ஆகியவற்றை மட்டும் மின்தொழில் அறிந்தாரிடம் விடுக. அங்கே 230 வோல்ட்டு மின்னோட்டமும் நீரும் அடுத்தடுத்து உள்ளன. வீரம் காட்டும் இடம் அன்று.

படித்தீர்களா? எந்த இடத்தில் தமிழ் தடுக்கி விழுந்தது? வடிகட்டி, தெளிப்புக்கை, எக்கி, மிதவை, நெகிழ்குழாய், அடைப்பு, கசிவு, திருகு, சூடேற்றி! "அறிவியலுக்குத் தமிழில் சொல்லில்லை" என்று கைவிரிக்கும் கற்றறிந்த பெருமக்கள், இவற்றுள் எந்தச் சொல் புரியவில்லை என்று எழுதட்டும். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை பற்றிய நூல்களைத் தமிழில் கொணர்ந்தார். மாந்தவுடலை அறுத்துத் தைப்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போதுமாயிருந்த தமிழ், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் கரண்டி கழுவப் போதாதாம்! அயலவன் நம்பினான், நம்மவன் நம்பவில்லை.

"இப்பொறியை வாங்குவோர் ஆங்கிலம் அறிந்தவரே" என்பது மற்றொரு மறுப்பு. வாங்குகின்றவர் அறிந்திருக்கலாம். நாள்தோறும் அதை இயக்கும் முதிய தாய் அறிவாரா? வேலைக்கு வரும் அம்மையார் அறிவாரா? பழுதுபார்க்கக் கற்க விரும்பும், பத்தாம் வகுப்போடு நின்ற இளைஞன் அறிவானா? எம் பழைய மாணவர் ஒருவர் இத்தொழிலில் இருக்கிறார். கை திருந்திய தொழிலாளி. பொறி காட்டும் பிழைக்குறியின் பொருளை அறிய, ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தொலைப்பேசியில் அழைத்துக் கேட்கிறார். அவர் கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டாமல் செய்தது யார்? ஒரு தொழிலின் மொழியைப் பறித்தால் அத்தொழிலில் உயரும் ஏணியையும் பறித்தவராவோம்.

நம்மவர்க்கும் ஒன்று கூற வேண்டும். மறைமலையடிகளார் 1916ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த தனித்தமிழ்ப் பணியும், பாவாணர் வாழ்நாளெல்லாம் செய்த வேர்ச்சொல் ஆய்வும், பொத்தகத்தில் பூட்டி வைப்பதற்கு உரியன அல்ல. ஒரு பொறிக்கு நான்கு பேர் நான்கு பெயர் சூட்டி, எது சரி என்று நாற்பது பக்கம் சண்டையிட்டு, அதற்குள் கடைத்தெருவில் அயற்பெயர் வேரூன்றிவிடும் காட்சியைப் பலமுறை கண்டோம். ஏனங்கழுவி என்க, கலங்கழுவி என்க, இரண்டும் தமிழே. ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்குக. குழாய்த்தொழிலாளரிடமும் மின்தொழிலாளரிடமும் சென்று, அவர் வாயில் முன்பே வாழும் தமிழ்ச்சொற்களைத் தொகுக்க. அடைப்பு, கசிவு, மிதவை, சல்லடை, இறக்கை ஆகியவற்றை எந்தப் புலவரும் புனையவில்லை. உழைக்கும் வாய் வழங்கியவை அவை. அவ்வாய் ஏற்காத சொல், எத்துணை இலக்கண வளம் உடையதாயினும் அகரமுதலியிலேயே உறங்கும்.

மொழியுரிமையோடு பழுதுபார்க்கும் உரிமையும் பிணைந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021ஆம் ஆண்டு மார்ச்சு முதல், ஏனங்கழுவியின் தெளிப்புக்கை, வடிகட்டி, அடைப்புப் பட்டை, தட்டடுக்கு முதலியவற்றைப் பொதுமக்களுக்கும் பழுதுபார்ப்போர்க்கும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கும், எக்கி, சூடேற்றி முதலியவற்றைத் தொழில்முறைப் பழுதுபார்ப்போர்க்கு 7 ஆண்டுகளுக்கும் கிடைக்கச் செய்வது நிறுவனங்களின் கடமை. இந்திய ஒன்றிய அரசும் 2022ஆம் ஆண்டு திசம்பர் 24ஆம் நாள் பழுதுபார்க்கும் உரிமைக்கென வலைத்தளம் ஒன்றைத் தொடங்கிற்று. வலைத்தளம் வழிகாட்டலாம், சட்டமே கட்டாயப்படுத்தும். உதிரி உறுப்பு கிடைத்தாலும், அதைப் பொருத்தும் முறை தாய்மொழியில் இல்லையேல், அவ்வுரிமை கதவில்லா வீட்டின் திறவுகோலே.

ஆகவே நாம் கேட்பன இவை: தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு வீட்டுப் பொறிக்கும் தமிழ்க் கையேடும் தமிழ்ப் பொறுப்புறுதித் தாளும் கட்டாயமாதல் வேண்டும். பொதியின் மேல் தமிழ் 'கூடுதல்' என்னும் விதி மாறுதல் வேண்டும். தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் இப்பொறிகளைப் பற்றிய பாடம் தமிழில் வருதல் வேண்டும். பிழைக்குறிப் பட்டியல் தமிழில் வெளிவருதல் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திராதீர்கள், தமிழ் மக்களே! அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, விலை கேட்குமுன் "தமிழ்க் கையேடு உள்ளதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால், இல்லை என்பதை எழுதித் தருமாறு கேளுங்கள். அந்நிறுவனத்துக்குத் தமிழில் ஒரு மடல் எழுதுங்கள். விடை வாராவிடில் மறுமடல் எழுதுங்கள். ஒருவர் கேட்டால் நகைப்பர். நூற்றுவர் கேட்டால் எண்ணுவர். பல்லாயிரவர் கேட்டால் அச்சிடுவர். வணிகனுக்குத் தமிழ்ப்பற்று வரவேண்டியதில்லை; தமிழன் பணத்தின்மேல் உள்ள பற்றே போதும்.

கேளுங்கள்! கேட்கும் வரையில் கேளுங்கள்!